பலகைக்குப் பின்னால் அருவி

தையல்காரியின் தங்கை இருபது வருடமாக ஒரே அருவியை அளந்துகொண்டிருந்தாள். "சும்மா கொட்டும்க்கா, அப்படியே கொட்டும்!" நாடா வைத்து அளந்தே பழகிய அக்காவுக்கு இந்த அளப்பில் நம்பிக்கை இல்லை. பொய் என்று சொல்லவும் வழியில்லை. அவளுடைய சக்கர நாற்காலி ஏறாத மலை அது.

இப்போது வழி வந்துவிட்டது. வனத்துறை அருவிவரை பலகைப் பாதை போட்டு, திறப்பு விழாவுக்கு வண்டி அனுப்பி அக்காவையும் அழைத்திருந்தது. படி இல்லை, பள்ளம் இல்லை. காட்டுக்குள் தானே உருட்டிக்கொண்டு போனாள். பின்னால் தள்ளுகிறவரின் மூச்சிரைப்பு கேட்காத முதல் பயணம். இலைகள் உரசுவது கேட்டது.

பாதை முடிந்த இடத்தில் கம்பி வேலி. இரைச்சல் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது, முகத்தில் சாரல் பட்டது. ஆனால் கண்ணுக்கு நேரே, வேலியின் முழு அகலத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை: வனத்துறை இயக்குநரின் பெயர், அதன் பின்னால் ரயில் பெட்டிகளாகப் பட்டங்கள்.

நான்கு பக்க உரையோடு இயக்குநர் வந்தார். "எப்படிம்மா இருக்கு காட்சி?"

"உங்க பட்டமெல்லாம் நல்லாத் தெரியுது சார்."

"அருவி?"

"சத்தம் வருது. உள்ளதான் இருக்கும்போல."

தங்கை கிள்ளினாள். "சும்மா இரேன்க்கா!"

சும்மா இருப்பதா? வண்டி இன்றைக்கு மட்டும்தான். விட்டால், மலையேறிப் பெயர்ப்பலகை பார்த்து வந்தவளாகவே காலம் முடிந்துவிடும்.

"நானே நின்னு பார்த்துத்தான் பலகை உயரம் முடிவு பண்ணேன்மா," என்றார் இயக்குநர்.

"உடுத்துறவங்களுக்குத்தானே சார் அளவெடுக்கணும்? தைக்கிறவங்களுக்கா எடுப்பாங்க? ஒரு தடவை உக்காந்து பாருங்க."

மேடை நாற்காலி ஒன்று வந்தது. உட்கார்ந்தவர் முதலில் தம் பெயரைப் படித்தார், முகம் மலர்ந்தது. பட்டங்களைச் சரிபார்த்தார், ஒன்றும் விடுபடவில்லை. பிறகு அருவியைத் தேடினார். இடப்பக்கம் சாய்ந்து தேடினார், வலப்பக்கம் சாய்ந்து தேடினார். மலர்ந்தது வாடியது.

"தச்சரைக் கூப்பிடுங்க."

தச்சர் எட்டுத் திருகாணிகளைக் கழற்றிப் பலகையை இறக்கினார். கம்பிகள் மட்டும் மிஞ்சின.

கொட்டியது.

தங்கை அளந்ததெல்லாம் குறைவு. மலையுச்சியிலிருந்து யாரோ வெள்ளைத் துணியை உருட்டிவிட்டதுபோல அது அவிழ்ந்துகொண்டே வந்தது. முனை மட்டும் வரவேயில்லை. நடுவழியில் காற்று அதை மடித்தது, உதறியது, மறுபடி விரித்தது. அளவெடுக்கும் கண் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடி, தோற்று, மறுபடி மேலே போனது. கை தானாகக் கழுத்தைத் தடவிற்று. அங்கே நாடா இல்லை.

"சார், மைக் தயார்," என்றார் உதவியாளர்.

"உஷ்!" என்றார் இயக்குநர். அவர் மடியில் நான்கு பக்க உரையும் நனைந்து கூழாகிக்கொண்டிருந்தது.

தங்கை குனிந்தாள். "போலாமாக்கா? வண்டி நிக்குது."

"இருடி, இது முடியட்டும்."

"இது எப்பக்கா முடியும்?"

"அதைத்தான் பாக்கறேன்."