வாசலை மறைத்த வண்டி

கதவைத் திறந்த உமாமகேஸ்வரிக்கு எதிரே தெரு தெரியவில்லை. வெள்ளைத் தகடுதான் தெரிந்தது.

"மாமா!" என்று கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கிக்காரர் நாதஸ்வரத்தை உச்சத்தில் வைத்திருந்தார். யாருக்கும் கேட்கவில்லை.

கடைசிப் படியை உரசிக்கொண்டு நின்றது அந்த டபுள் கேபின் பிக்கப். அதன் மூக்கு மின்கம்பத்தில் இடிக்காத குறை. பின்பக்கம் பந்தலின் மூங்கில் தட்டி. நடுவில் அவள் வாசல். ஸ்கூட்டரை வெளியே எடுப்பது இருக்கட்டும், ஆள் நுழையவே வழியில்லை. பாகம் பிரித்தபோது கொல்லைப்புறம் அவள் கணவன் செம்பியனின் அண்ணன், பக்கத்து வீட்டுக் கைலாசநாதன் பங்குக்குப் போய்விட்டதால் பின்வழியும் கிடையாது.

வண்டி நிறுத்துவதில் கைலாசநாதனைப் போல மரியாதை தெரிந்த மனிதர் நெடுங்காட்டிலேயே கிடையாது என்பார்கள். இருந்த பழைய காரை விற்று இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிய பிறகும் தெருவில் ஒருவரிடம் ஒரு சொல் கேட்டதில்லை. பக்கக் கண்ணாடிகளை மடக்கி வைப்பார். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சஜிதாவின் கடைப் படியில் வண்டியின் நிழல்கூட விழாது. "நம்ம வண்டி பெருசுன்னா நாமதான் ஒதுங்கிக்கணும்" என்று அடிக்கடி சொல்வார்.

செம்பியன் சாலை விபத்தில் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து அந்த வண்டி உமாவின் வாசலில்தான் நின்றது. கைலாசநாதனின் சொந்த வாசல் அகலமானது. அங்கே கோலம் மட்டும் இருக்கும். காலையில் நெல் வியாபாரத்துக்குக் கிளம்புகிறவர் கண்ணில் தாலி இழந்த தம்பி பெண்டாட்டி பட்டுவிடக் கூடாது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எஞ்சின் உறுமி, வண்டி தெருமுனை திரும்பிய பிறகே கதவைத் திறப்பது உமாவுக்கும் பழகிவிட்டது. அவர் வெளியே கிளம்பாத நாட்களில் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வெயில்கூட அந்த நாட்களில் நடைக்குள் வராது.

ஆனால் இன்று அவள் வேலையில் சேரும் நாள். செம்பியன் எழுத்தராக இருந்த காரைக்கால் அலுவலகத்தில், அவன் இறந்ததற்காகக் கொடுத்த வேலை. உத்தரவில் போட்டிருந்த கெடு இன்றோடு முடிகிறது. கைலாசநாதனின் மகள் முத்தமிழுக்கு நிச்சயதார்த்தமும் இன்றைக்கே அமைந்துவிட்டது.

தட்டிக்கு அந்தப் பக்கம் பட்டுப்புடவை சரசரத்தது. ஓரகத்தி மங்கையர்க்கரசிதான்.

"அக்கா, வண்டிய கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்கக்கா."

"சாவி அவருகிட்டல்ல இருக்கு. மாப்ள வீட்டுக்காரங்கள எதிர்கொண்டு அழைக்க பைக்குல போயிருக்காரு."

"நான் இன்னிக்கு வேலையில சேரணும். நேத்தே சொன்னேனே."

"சொன்ன. நான் இல்லேங்கல. தட்டு மாத்துற வரைக்கும் உள்ளயே இரேன், உமா. ஒனக்கு சாப்பாடு குடுத்து உடுறேன்."

"சாப்பாடா கேட்டேன்?"

மங்கையர்க்கரசி தட்டியின் இடுக்குக்கு நெருங்கி வந்தாள். குரல் தணிந்தது. "ஒம்மேல எனக்கு என்ன கோவம்? ஒனக்கு ஆனது எம் பொண்ணுக்கு ஆவக் கூடாதுன்னு பாக்குறேன். பெத்தவ வேற என்ன பண்ணுவா, சொல்லு."

முத்தமிழுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் தினமும் தலை பின்னிவிட்டவள் உமாதான். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு நடையில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் சுவரோரம் நின்றது. வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கைலாசநாதனின் குரல் ஒவ்வொன்றையும் அக்கறையாக வழிநடத்தியது: "இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க… சஜிதா கடைய மறைக்க வேணாம்… போதும் போதும், அருமையா நிறுத்திட்டீங்க!"

தெருவில் வந்து நிற்கிற கார் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் இடம் இருந்தது. உமாவுக்கு அழுகை வரவில்லை.

எழுந்தாள். செருப்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கி, டயரில் கால் வைத்து, பக்கத் தகட்டைப் பிடித்து ஏறினாள். தகடு சுட்டது. சுருட்டிக் கிடந்த தார்ப்பாயை மிதித்து வண்டியின் பின்தொட்டி நடுவில் நிமிர்ந்து நின்றபோது தெரு முழுவதும் தெரிந்தது.

வரிசைத் தட்டுகளோடு வந்தவர்கள் பந்தலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பிக்கப்பை ஒட்டி நின்ற கடைசிக் காரில் மட்டும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணாடி இறங்கியது.

"விழுந்துடப் போறீங்க! ஏன் அதும்மேல ஏறுனீங்க?"

"இதுக்குப் பின்னாலதான் எங்க வீட்டு வாசல் இருக்குங்க. நான் வேலைக்குப் போவணும்."

அந்த அம்மாளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. உமாவின் நெற்றியைப் பார்த்தாள். வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

"நீங்க உள்ள போகலீங்களா?" என்றாள் உமா.

"தட்டு மாத்துனப்பறம் கூப்புடுறேன்னாங்க. என் கொழுந்தனும் அவர் சம்சாரமும்தான் முன்ன நின்னு செய்யறாங்க."

"மாப்ள ஒங்களுக்கு என்ன ஒறவு?"

"எம் மவன்."

மாப்பிள்ளையைப் பெற்ற திரிபுரசுந்தரி அவள். தான் சொன்னது தன் காதிலேயே புதிதாக விழுந்ததுபோல இருந்தது அவள் முகம். பிறகு கார்க் கதவைத் திறந்து இறங்கி வந்தாள். "கையக் குடுங்க" என்றாள்.

உமா குதித்து இறங்கிய நேரத்தில் கைலாசநாதன் பந்தலிலிருந்து ஓடி வந்தார். "ஏய் உமா! என்ன காரியம் பண்ற நீ? நல்ல நாளும் அதுவுமா…"

அவள் கையைப் பிடித்திருப்பது யார் என்று அப்போதுதான் பார்த்தார். கைகள் தாமாகக் குவிந்தன. "வாங்க சம்பந்தியம்மா… வெயில்ல ஏன் நிக்கிறீங்க?"

"உள்ளதான் வர்றேன். எம் மவனுக்கு நான்தானே தட்டு மாத்தணும்?" என்றாள் திரிபுரசுந்தரி. "வண்டிய எடுங்க. இவங்களுக்கு வழி இல்ல."

கைலாசநாதன் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால் மின்கம்பம். பின்னால் பந்தல். பக்கத்தில் அவரே இடம் பார்த்து நிறுத்தி வைத்த கார்கள். எதையும் நகர்த்த முடியவில்லை.

"இருக்கட்டும் மாமா. நான் பஸ்ல போயிக்கிறேன்" என்று உமா செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பந்தலில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். வழி விடுவதற்காக ஒதுங்கினார்களா, மேலே பட்டுவிடக் கூடாதென்று ஒதுங்கினார்களா என்று அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் வேலையில் சேர்ந்துவிட்டுத் திரும்பியபோது அவள் வாசல் காலியாக இருந்தது. நிச்சயம் நல்லபடியாக முடிந்ததென்றும், மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தன் கையாலேயே தட்டு மாற்றியதாகவும் சஜிதா கடையிலிருந்தபடி சொன்னாள்.

கைலாசநாதனின் அகலமான வாசலில் பிக்கப் நின்றது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, உமா நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துடைப்பம் நின்றது.

"ஸ்கூட்டர் போக எடம் போதுமா உமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"போதும் மாமா."

படியேறியவள் நின்று திரும்பினாள்.

"சம்பந்தியம்மா உக்காந்த எடத்தையும் கழுவிட்டீங்களா?"

வண்டியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கோலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. உமா உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.