ஐந்தாவது தட்டு

அவளுடைய வேலையே கூட்டுவதுதான். மைதானத்தில் நிற்கும் நான்கு பெரிய ஆன்டெனாத் தட்டுகளும் ஒரே விண்கலத்தைப் பார்த்திருக்கும். தொலைதூரம் போய்விட்ட கிழட்டுக் கலம் அது. தனியாக எந்தத் தட்டுக்கும் அதன் குரல் பிடிபடாது, வெறும் இரைச்சல்தான். ஒவ்வொரு தட்டுக்கும் குரல் சற்று முன்பின்னாக வந்து சேரும். அந்த நொடித்துணுக்கு வித்தியாசத்தைச் சரிக்கட்டி நான்கையும் கூட்டினால் குரல் மேலெழும். அலுவலகத்தில் அவளுக்குக் 'கூட்டல் டீச்சர்' என்று பெயர்.

அன்று காலை பத்தரை மணிக்குக் கூட்டல் தப்பியது. நான்கு மடங்கு வரவேண்டியது ஐந்து மடங்கு வந்தது.

மூன்று முறை சரிபார்த்தாள். பிறகுதான் கூட்டும் கருவியில் ஐந்தாவது தட்டுக்கான விளக்கு எரிவதைக் கண்டாள். துருப்பிடித்துவிட்டதென்று ஐந்தாவது தட்டைப் போன வருடமே கழற்றியாயிற்று. பின்னால் குனிந்து பார்த்தாள். அதன் கேபிள் வெட்டிய முனையோடு சும்மா தொங்கியது.

தட்டுகளைப் பராமரிக்கும் மெக்கானிக் அவள் அக்கா புருஷன்தான். போனில் கூப்பிட்டாள்.

"அத்தான், அஞ்சாவது தட்டு..."

"நானேதான் கேஸ் கட்டர் வெச்சு அறுத்தேன். அதுக்கென்ன?"

"அதுல சிக்னல் வருது."

"இல்லாத தட்டுக்கும் நான்தான் எண்ணெய் போடணுமா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "கேட் கிட்ட வா" என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தட்டு நின்ற இடத்தில் காங்கிரீட் மேடை மட்டும் இருந்தது. அதன்மேல் வட்டமாக ஒரு நிழல். அண்ணாந்து பார்த்தார்கள். மேலே மேகம்கூட இல்லை.

அத்தான் மேடையில் உள்ளங்கையை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சில்லுனு இருக்கு. அடியில மோட்டார் ஓடுதும்மா."

"மூணு நாள்ல கலத்துல பேட்டரி தீந்துடும் அத்தான், குரல் இறங்கிட்டே போகுது. இந்த அஞ்சாவத விட்டுட்டுக் கூட்டினா அது அனுப்பற படமெல்லாம் ஓட்டை ஓட்டையா வருது."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அப்ப வர்றத வரவிடு."

வரவிட்டாள். கடைசிப் படங்கள் பளிங்கு மாதிரி வந்தன. நாலு தட்டிலேயே இவ்வளவா என்று மேலதிகாரி பாராட்டினார். அவள் அறிக்கையிலும் நாலு என்றே எழுதினாள்.

மூன்றாம் நாள் மதியம் கலம் ஓய்ந்தது. திரையில் நான்கு தட்டுகளுக்கான கோடுகளும் படுத்துவிட்டன. ஐந்தாவதும் படுத்தது, பிறகு மெல்ல எழுந்து முன்னைவிட உயரமாக நின்றது.

போன் அடித்தது. அத்தான் மேடைப் பக்கத்திலிருந்து பேசினார்.

"நிழல் திரும்புதும்மா. கலம் இருந்த பக்கம் இல்ல, வடக்கால."

அட்டவணையைப் பார்த்தாள். அந்தத் திசையில் யாருடைய கலமும் இல்லை.

"நாலையும் அங்க திருப்பிக் கேட்டுப் பாக்கலாமா?" என்றார் அத்தான்.

கூட்டினால் தெளிவாகக் கேட்கும். அதுதான் பயம்.

"வேணாம் அத்தான். அது நம்ம கிட்ட பேசல."

கருவியில் ஐந்தாவது தட்டின் வழியை அடைத்தாள். விளக்கு அணையவில்லை. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு இருவருமாக மேலதிகாரியிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார்.

"நானும் தினம் இங்கேருந்து அந்த நிழலைப் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார். "நேத்துலேருந்து ரெண்டு இருக்கு."

அத்தான் மட்டும் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.