அம்மா பக்கத்தில் ஓர் இடம்

வீரமலையின் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கி, அம்மாவின் கல்லறை விளிம்பில் தானே ஓங்கிக் குத்தினாள் லின்சி. சிமென்ட் சில்லு தெறித்தது.

“விடுங்கம்மா. குழி வெட்டுற நானே கமிட்டி சொல்லாம தொடமாட்டேன்” என்று பதறினார் வீரமலை.

“ஆம்புலன்ஸ் திருவானைக்காவல் தாண்டிடுச்சுய்யா. எங்கண்ணன நடுரோட்டுலயா இறக்கி வைக்கச் சொல்றீங்க?”

அண்ணன் ஜோஸ். கிடாரும் கரகரத்த குரலுமாக வெளிநாட்டு மேடைகளையெல்லாம் அதிர வைத்த ராக் பாடகர். நேற்றுக் காலை சென்னையில் மாரடைப்பு. வயது ஐம்பத்திரண்டுதான். கடைசியாகச் சொன்னது: “அம்மாகிட்ட படுக்க வைங்க.”

கல்லறைத் தோட்டக் கமிட்டித் தலைவர் இன்னாசிராஜ் குறுக்கே வந்து நின்றார்.

“குடும்பக் கல்லறையத் திறக்கணும்னா, இறந்தவரு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நம்ம கோயில் காரியத்துல நின்னிருக்கணும். எங்கப்பா காலத்துச் சட்டம்மா. உங்கண்ணன் டிவியில என்ன சொன்னாரு? ‘திருச்சிப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்’னாரா இல்லையா?”

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அம்மா அடக்கத்துக்கு ஜோஸால் வந்து சேர முடியவில்லை. ஊர் கண்டபடி பேசியது. அந்தக் கோபத்தில் சொன்ன வார்த்தை. அதற்குப் பிறகு லின்சியே அவரைத் திருச்சியில் பார்த்ததில்லை.

வாசலில் ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது. கோயில் விழாக்களுக்கு மைக் செட் போடும் நசுருதீன். ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டுவதைப் பாதியில் விட்டு வந்திருந்தார். தோளில் ஒயர் சுருள் அப்படியே தொங்கியது.

“தலைவரே, ஒரு நிமிஷம்.” இன்னாசிராஜின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

தலைவரின் முகம் சுருங்கியது. பிறகு வெளுத்தது.

“சும்மா அடிச்சு விடாதீங்க பாய்.”

“அல்லா மேல சத்தியமாங்க.”

“எத்தனை வருஷமா?”

“பதினோரு வருஷமா.”

இன்னாசிராஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். திரும்பிக் கத்தினார். “வீரமலை! என்னய்யா பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறே? வெட்டு!”

கடப்பாரை கைமாறியது. லின்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, நேற்றிலிருந்து முதல் தடவையாக முழு மூச்சு விட்டாள். தூரத்தில் சைரன் கேட்டது. வரட்டும். இனி பயமில்லை.

“பாய், அவர்கிட்ட அப்படி என்ன சொன்னீங்க?”

“தான் உசுரோட இருக்கறவரைக்கும் விஷயத்த வெளிய விடக்கூடாதுன்னு உங்கண்ணன் சத்தியம் வாங்கியிருந்தாரும்மா. ஆளத் தெரிஞ்சா செல்ஃபிக்குக் கூட்டம் கூடிடும், அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு பாழாயிடும்னாரு.”

“எந்தப் பாட்டு?”

“பெரிய வெள்ளி ஊர்வலத்துல என் வேனு பின்னாடியே வருமில்ல? அதுல மாதா புலம்புற பாட்டு ஒண்ணு ஓடும். தலைவரு வருஷா வருஷம் கண்ணத் துடைச்சுக்கிட்டே, ‘அருமையான ரெக்கார்டு பாய், பத்திரமா வெச்சிருங்க’ம்பாரு.”

நசுருதீன் குரலைத் தணித்துக்கொண்டார்.

“ரெக்கார்டே கிடையாதும்மா. வேன் கதவச் சாத்திக்கிட்டு, உள்ள உக்காந்து பாடினது உங்கண்ணன்.”