காதுக்குள் இருந்த முந்நூற்றைம்பது மணி நேரம்

1995 பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்தேகாலுக்கு, ஒன்ராறியோவின் டோர்செட் பார்க்கில் ஏழாம் மாடியில் குடியிருந்த சந்திரவதனாவின் இடது காதிலிருந்து முந்நூற்றைம்பது மணி நேரம் வெளியே வரத் தொடங்கியது. அன்று வெளியே மைனஸ் நான்கு. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

சந்திரவதனா மைசூரில் செவிப்புலனியல் படித்தவள். பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவமனையில் நீக்கிலாஸ் சேரின் மேற்பார்வையில் முந்நூற்றைம்பது மணி நேரம் காது பரிசோதித்தாள். ஒவ்வொரு மணிக்கும் அவர் குறிப்பேட்டில் கையெழுத்து வைத்தார். போருக்குத் தப்பி வரும்போது அந்தக் குறிப்பேடு கிளாலிக் கடலில் போயிற்று. படகு தாழ்ந்தபோது எல்லோரும் பைகளை எறிந்தார்கள். அவளும் எறிந்தாள். கரை சேர்ந்தபோது இடது காது மந்தமாகியிருந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று எண்ணினாள். நீக்கிலாஸ் சேர் அடுத்த வருடம் இறந்துபோனார்.

ஒன்ராறியோவில் 1994 முதல் பதிவுச் சபையில் பதிந்தவர்கள் மட்டுமே செவிப்புலனியலாளர் என்ற பெயரில் வேலை செய்யலாம். சபை அவளுடைய பட்டத்தை ஏற்றுக்கொண்டது. மேற்பார்வை மணிகளுக்குக் கையெழுத்திட்ட சான்று கேட்டது. மூன்று கடிதங்கள் போய் வந்தன. மூன்றிலும் அதே கேள்வி. கடைசிக் கடிதம் ஆவணி முப்பத்தொன்று வரை தவணை தந்தது. அதுவரை அவள் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் கரண்டிகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

அடுத்த கதவில் இருந்த மன்னார்க்காரி எமில்டாவுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டு வந்தது. மாதா கோயிலில் எல்லோரும் முழந்தாளிட்ட பிறகும் அவர் மட்டும் நின்றார்.

“கதவைப் பூட்டிப்போட்டு என்ரை காதை ஒருக்காப் பார் பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும் அன்ரி. பதிவு வராமல் பாக்கமாட்டன்.”

“உனக்கே ஒரு காது கேக்காது. அதுக்குள்ளை பெரிய சட்டம்!”

வேறு யாரிடமும் காட்ட எமில்டா மறுத்துவிட்டார். காதுக்குள் எண்ணெய் மட்டும் விடவேண்டாம் என்று சந்திரவதனா அவருக்குப் பல தடவை சொல்லியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சந்திரவதனா காய்ச்சலில் வலப்பக்கம் சரிந்து சோபாவில் தூங்கினாள். மாற்றுச் சாவியுடன் ரசம் கொண்டுவந்த எமில்டா, மேலே பார்த்துக்கொண்டிருந்த இடது காதைக் கண்டார். வீட்டுக்குப் போய் நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மூன்று துளி விட்டார்.

“ஆவணி இரண்டு, காலை எட்டு மணி. நோயாளிக்கு ஆறு வயது. வலது காதில் தொடங்குங்கோ,” என்றது காது.

எமில்டா பின்வாங்கினார். “பிள்ளை, எழும்பு! உனக்குள்ளை ஆரோ ஆம்பிளை கதைக்கிறார். நல்ல துலக்கமாக் கதைக்கிறார், எனக்கே கேக்குது!”

அது நீக்கிலாஸ் சேரின் குரல். பின்னால் மருத்துவமனை வாட்டில் வாளி உருண்டது. ஒன்பது மணியானதும் தாளில் பேனா கீறியது. பிறகு இரண்டாம் மணி.

பஞ்சு வைத்தால் நின்றது, எடுத்தால் விட்ட இடத்தில் தொடர்ந்தது. எனவே அவள் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சபைக்கு உள்ளபடி எழுதினாள். சான்று ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று பதில் வந்தது. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரான அன்புராசா மாலைகளிலும் வார இறுதிகளிலும் வந்து, காதருகே கதிரை போட்டுத் தட்டச்சு செய்தார். முதல் வாரம் அவர் எண்ணெய் மணத்தைப் பற்றி முறைப்பட்டார், பிறகு விட்டுவிட்டார்.

ஆடியில் சபையின் அலுவலர் ஒருவர் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கேட்டார். மேற்பார்வையாளருடன் தொலைபேசியில் பேசலாமா என்றார். இறந்துவிட்டார் என்று சொன்னாள். கையெழுத்து எங்கே என்றார். அந்நேரம் காதுக்குள் ஒரு மணி நேரம் முடிந்தது, பேனா கீறியது. அடுத்த மணியின் முடிவிலும் அதே கீறல், அதே இடத்தில் அதே சிறு நிறுத்தம். அலுவலர் இரண்டையும் ஒப்பிட்டு, ‘கையெழுத்து உண்டு’ என்று எழுதினார்.

தவணைக்கு நான்கு நாள் முன்பாக முந்நூற்றைம்பதாவது மணி முடிந்தது. இடது காது வெறுமையாகி, நன்றாகக் கேட்கத் தொடங்கியது. முதலில் கேட்டது குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்.

சான்றிதழ் கார்த்திகையில் வந்தது. லிஃப்டுக்குள் கடிதத்தைப் பிரித்தவள், இறங்க மறந்து மூன்று தடவை மேலும் கீழும் போனாள். நான்காம் தடவை ஏறிய எமில்டா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்தார்.

தை மாதம் வோபர்னில் ஒரு கிளினிக்கில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். காதில் எண்ணெய் விடக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. முதல் ஆளாக வந்த எமில்டா அதை வாசித்து, வரவேற்பு மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சந்திரவதனா அவரை ஒரு மணி நேரம் பரிசோதித்தாள். இரண்டு காதுக்கும் கருவி வேண்டியிருந்தது. பாஸ்குத் திருநாளுக்கு முன் கிடைக்கும் என்றாள். குறிப்பை எழுதி மூடியபோது, அவளுடைய இடது காதிலிருந்து பேனா கீறும் சத்தம் வந்தது.

“சேர் என்னவாம்?” என்றார் எமில்டா.

“கையெழுத்து வைக்கிறார், அன்ரி.”

“வைக்கட்டும்,” என்று எமில்டா கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.