மேனேஜருக்கு ஒரு பூட்டு

எங்கள் வீட்டுக் கொல்லையில் நாலு கோழிகளும் ஒரு மேனேஜரும் இருந்தார்கள். மேனேஜரும் கோழிதான், ஆனால் அதற்கு அந்த நினைப்பே கிடையாது. பெயர் நான் வைத்தது. அண்ணன் அதை ராஜாத்தி என்பான். லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் அம்மா முகத்தைப் பார்க்கிறானோ இல்லையோ, ராஜாத்தி முகத்தைப் பார்த்துவிடுவான். நாள் தவறாமல் முட்டை வைப்பது அது ஒன்றுதான். தீவனத் தட்டை வைத்தால் அது தின்று முடிக்கிறவரை மற்றதெல்லாம் தள்ளி நிற்க வேண்டும். நடுவில் தலை நீட்டினால் மண்டையில் ஒரு கொத்து.

அதிலும் மொட்டை என்றால் அதற்குத் தனி ருசி. முதுகில் இறகெல்லாம் போய்த் தோல் தெரிந்ததால் மொட்டை. வாயில்லாப் பூச்சி. கொத்து வாங்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் போய் நின்றுகொள்ளும். அந்தப் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த அறையும் தையல் மெஷினும்தான். அந்த அறை மேல் அண்ணனுக்கு ரொம்ப நாளாகக் கண். டயரும் தார்ப்பாயும் போட்டுவைக்க இடமில்லையாம்.

ஒருநாள் மொட்டையின் முதுகில் ரத்தம். கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருந்து தடவிவிட்டு அவர் சொன்னார்.

"கொத்துறதைப் பிடிச்சு நாலு நாள் தனியா அடைச்சு வைங்க. திரும்பி வரும்போது அதோட கொட்டம் அடங்கிடும். அடிபட்டதைக் கண்மறைவா கொண்டுபோயிடாதீங்க. அப்புறம் மத்ததுங்க அதைச் சேர்த்துக்காது."

வீட்டில் வந்து சொன்னேன். அண்ணன் சிரித்தான்.

"ராஜாத்தியை அடைச்சா முட்டையை யாரு வைப்பா? நீயா?"

"எதுக்கு வம்பு," என்றாள் அம்மா. "அடிபட்டதைத் தூக்கி உன் ரூம்ல வச்சுக்கோ. புண்ணு ஆறட்டும்."

அம்மா நல்லவள்தான். ஆனால் இரண்டு பேர் சண்டை போட்டால் அடிக்கிறவனை ஒன்றும் சொல்ல மாட்டாள், அழுகிறவளைத்தான் தள்ளிப் போகச் சொல்வாள்.

நானும் தலையாட்டினேன். மெஷினுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் வெட்டுத்துணி பரப்பி மொட்டையை வைத்தேன். புண் ஆறி, முதுகில் குருத்து குருத்தாக இறகுகூட எட்டிப் பார்த்தது. மெஷினை மிதித்தால் சத்தத்துக்குத் தூங்கிவிடும், நிறுத்தினால் என் கால் விரலைக் கொத்தி எழுப்பும். நன்றாகத் தேறிவிட்டது என்று ஒரு காலையில் கொண்டுபோய்க் கொல்லையில் விட்டேன்.

உள்ளே வந்து ஒரு காலர் தைத்து முடிக்கவில்லை, சத்தம் கேட்டது. மேனேஜர் மட்டும் இல்லை, நாலும் சேர்ந்து மொட்டை மேல் ஏறி நின்றன. தினமும் மொட்டையோடு ஒட்டிக்கொண்டு தூங்கிய சாம்பல் கோழியின் அலகிலும் ரத்தம். நான் ஓடி விரட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சுவரோரத்திலேயே குழி தோண்டிப் புதைத்தேன். கை கழுவக்கூட இல்லை, மேனேஜரைப் பிடித்துக் கூண்டில் அடைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். நேராகப் போய்க் கூண்டைத் திறந்துவிட்டான்.

"யாரைக் கேட்டு அடைச்சே?"

"மொட்டையைக் கொன்னுடுச்சு."

"போனா போகுது. முட்டை வைக்காத கோழிதானே."

"முட்டை வைக்கலைன்னா சாகணுமா?"

அறைந்தான். காது கொய்யென்றது. அதோடு விடவில்லை. தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு போய்க் கோழி எச்சத்தின் மேல் வீசினான். அம்மா ஓடிவந்து குறுக்கே விழுந்து கையைப் பிடித்தாள். பிடித்தது என் கையை.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அம்மா என் அறைக்கு வந்தாள். கையில் என் பெட்டி, பூட்டுப் போட்டு.

"அக்கா வீட்ல நாலு நாள் இருந்துட்டு வாடி. நீ எதிர்ல இல்லைன்னா அவனுக்குக் கோபம் ஆறிடும்."

"அடிச்சது அவன். அவனைப் போகச் சொல்லு நாலு நாள்."

"அவன் போனா வீட்டை யாரு நடத்துவா?"

சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தேன். நைட்டி, சீப்பு, மாத்திரை, எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்திருந்தாள். அடியில் துண்டில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. பிரித்தேன். துணி வெட்டுகிற என் பெரிய கத்தரிக்கோல், அளவு நாடா, பாபின் டப்பா.

நாலு நாளில் திரும்பி வருகிறவளுக்குக் கத்தரிக்கோல் எதற்கு? அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அண்ணன் செய்ததற்கு எனக்கு அழுகை வந்தது, இதற்கு வரவில்லை.

கத்தரிக்கோலை எடுத்து மெஷின் மேல், அது எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தேன். பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மேனேஜர் தட்டின் நடுவே நின்று தின்றுகொண்டிருந்தது. பிடிக்கப் போனதும் புறங்கையில் கொத்திச் சதையைக் கிழித்தது. விடவில்லை. கூண்டுக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

"ஒரு கோழிக்காகவாடி இவ்வளவும்?" என்றாள் அம்மா.

"ஆமா. ஒரு கோழிக்காகத்தான்."

"சாயங்காலம் அவன் வந்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். உனக்கும் தெரியும். தெரிஞ்சும் என் பெட்டியைத்தானே கட்டினே?"

அம்மா என் பின்னாலேயே அறைக்குள் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கறை போகாத சட்டைகளுக்குப் பதிலாகப் புதுத் துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தேன். பொழுது சாய்ந்ததும் தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து, திறந்து கிடந்த பெட்டியை மறுபடி மூடினாள். நான் மெஷினை மிதித்தேன்.