ஏழடி மேசையில் பாலாறு

பாலாற்றுப் பாலத்தை ஏழடி மேசையில் நிற்க வைக்கிறேன் என்று ஒரு மனுஷி கிளம்பினால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்? சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள் சியாமளா.

நகரியத்து மனமகிழ் மன்றத்தின் பின்னறையில் அவள் கணவன் நரசிம்மன் நாலு வருஷமாகக் கட்டிய பொம்மை ரயில் பாதை அது. செங்கல்பட்டு ஜங்ஷன், கொளவாய் ஏரி, டீக்கடை எல்லாம் முடித்துவிட்டான். பாலம் மட்டும் பாக்கி. அதற்குள் தொண்ணூற்றேழில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான். அளவுப்படி போட்டால் பாலமே இருபதடி தாண்டும். தூணுக்குத் தூண் நாலைந்து கண்ணோடு நிறுத்திக்கொள்ளேன் என்று யாராவது சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அது பாலாறு இல்ல சார், வாய்க்கால்!" என்பான்.

இரண்டு வருஷம் பொறுத்த மன்றச் செயலாளர் கோதண்டராமன் கறாராகச் சொல்லிவிட்டார். "மேடம், ஆயுத பூஜை அன்னிக்கு கமிட்டி வரும். பாலம் நிக்கணும். இல்லேன்னா ரூம் கேரம் போர்டுக்கு." சியாமளாவுக்கோ கருணை அடிப்படையில் கிடைத்த வேலை, ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். இங்கே பிரித்தால் அவன் கட்டியது அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். விடுவாளா?

செங்கல்பட்டில் ஒரு வளையல் கடையில் வழி கிடைத்தது. அங்கே ஒரு வரிசை வளையல், சுவர்க் கண்ணாடியில் இரண்டு வரிசையாகத் தெரிந்தது. அடடா என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னாள். மேசை ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணாடியை நிறுத்தி, அதுவரை ஏழு கண் கட்டினாள். பதினாலு தெரிந்தது. ரயிலை முதல் கண்ணிலேயே சிக்னலுக்கு நிறுத்தினாள். மீறிப் போனால் எதிரே அதே ரயில் மோத வருமே!

ஒரே சனியன், கண்ணாடியை ஒட்டிய கடைசித் தூண். அதன் பிம்பமும் பக்கத்திலேயே நின்றதால் அங்கே மட்டும் இரட்டைத் தூண் தெரிந்தது. சின்னக் குழந்தைகூடக் குட்டை உடைத்துவிடும். மூன்று நாள் யோசித்தும் ஒன்றும் ஓடவில்லை.

ஆயுத பூஜை காலையில் கதவைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. மன்றத்தைப் பெருக்கும் சந்திரம்மா இன்ஜின், பெட்டி, சிக்னல் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். கண்ணாடியிலும், கடைசித் தூணுக்குப் பின்னால், தூண் அகலத்துக்கு ஒரு பொட்டு!

"என்ன சந்திரம்மா இது?"

"மெஷினுக்குப் பொட்டு வெக்காம வுடுவாங்களாமா?"

கமிட்டி வர அரைமணி நேரம்தான் இருந்தது. பொட்டு இருந்தால் அது கண்ணாடி என்று காட்டிக்கொடுத்துவிடும். சியாமளா ஈரத்துணியை எடுத்துவிட்டாள். "அய்ய, வெச்ச பொட்ட அழிக்காதமா!" என்றாள் சந்திரம்மா. கை அப்படியே நின்றது. அவன் போன பத்தாம் நாள் யார் யாரோ பிடித்துக்கொள்ள, ஒரு கை வந்து தன் நெற்றியைத் துடைத்தது ஞாபகம் வந்தது. மாட்டேன், என் கையால் மாட்டேன் என்று துணியை வீசினாள்.

அழிக்காமல் மறைக்கலாமே? தூணைக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டால் மறையும். ஆனால் இரட்டைத் தூண் ஒட்டிப்போய் ஒரே குண்டுத் தூணாகிவிடும். அப்படியானால் பாதித் தூண் போதும், மறுபாதியைக் கண்ணாடி தரும்! ஹாக்ஸா பிளேடை எடுத்துத் தூணை நெடுக அறுத்தாள். கட்டைவிரல் கிழிந்தது, கண்டுகொள்ளவில்லை. பாதியைப் பொட்டின் மேல் வைத்து ஒட்டினாள். நடு ஆற்றில் ஒற்றைத் தூணாக நின்றது.

கோதண்டராமன் விரல் விட்டுக் கண்களை எண்ணினார். எட்டிலேயே தடுமாறி மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"மேடம், இது எங்க முடியுது?"

"அக்கரையில சார்."

கேரம் போர்டு வராந்தாவுக்குப் போனது.

எல்லாரும் போனபின் சந்திரம்மா கண்ணாடியில் பொட்டைத் தேடிப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. "அழிச்சிட்டியாமா?"

"நான் அழிப்பேனா சந்திரம்மா? தூணுக்குப் பின்னாடி இருக்கு. பாலம் நிக்கற வரைக்கும் அதை யாரும் தொட முடியாது."