பழைய கிரேக்கத்துக்கு எந்தப் புத்தகம்

என் கணவரின் ஈமக் காரியங்கள் முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பிய அன்றே துறைத் தலைவர் கூப்பிட்டார். கணவர் நடத்திவந்த பழைய கிரேக்க வகுப்பை இனி நான்தான் எடுக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வருடக் கடைசியில் பரீட்சை. தேறாதவர்கள் அத்தோடு மொழியை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாகிப் போயிருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே மொழியை எதிரெதிர் வகுப்பறைகளில் சொல்லிக்கொடுத்தவர்கள். என்னுடையது அட்டவணைப் புத்தகம். முதலில் வேற்றுமைகளும் வினை வடிவங்களும் மனப்பாடம், வாசிப்பு பிறகு. அவருடையது கதைப் புத்தகம். முதல் பக்கத்திலேயே ஒருவன் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவான். அதையும் அவர் அதிகம் திறப்பதில்லை. அவர் ஒரு வாக்கியம் சொல்வார். வகுப்பு திருப்பிச் சொல்லும். காது பழகிவிட்டால் இலக்கணம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கட்சி.

இந்தச் சண்டை சமையலறை வரைக்கும் வரும்.

“உன் புஸ்தகம் டெலிபோன் டைரக்டரி. எல்லார் பேரும் இருக்கு, ஒருத்தரும் பேச மாட்டாங்க” என்பார்.

“உங்க பிள்ளைங்க கிரேக்கத்துல மாடு வாங்கிடுவாங்க. பரீட்சைதான் பாஸாக மாட்டாங்க” என்பேன்.

முடிவு செய்யுமுன் அவர் வகுப்பை ஒருமுறை கேட்டுவிடலாம் என்று போனேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்டேன். கப்பல் புயலில் மாட்டிக்கொள்ளும் இடம் என்றார்கள். சொல்லச் சொன்னேன். புத்தகம் பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். நன்றாகவே சொன்னார்கள், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நீளமான வாக்கியம் ஒவ்வொன்றிலும், நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றார்கள். மொத்த வகுப்பும் ஒன்றாக நின்று, மெல்ல மூச்சை இழுத்து, மீதியைச் சொன்னது.

அந்த மூச்சை எனக்குத் தெரியும். கடைசி வருடம் முழுக்க அவருக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. தண்ணீர் கேட்டாலும் நடுவில் அப்படித்தான் நிற்பார். காதால் மட்டுமே கற்றவர்களுக்கு எது மொழி, எது நோய் என்று எப்படித் தெரியும்?

முன்வரிசைப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியா இருக்கா மேடம்? இங்க நிறுத்தணும்னு சார் சொல்லல. ஆனா நிறுத்துவார்.”

“சரியாத்தான் இருக்கு” என்றேன்.

அவர் முறையிலேயே தொடர்ந்தால் தினமும் அவர்களை வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். அந்த நிறுத்தத்தை ஒவ்வொருவர் வாயிலிருந்தும் நானே எடுத்தாக வேண்டும். அது என்னால் ஆகாது. என் புத்தகத்தில் வாய்க்கு வேலை குறைவு. எழுதுவார்கள், திருத்துவேன், தேறிவிடுவார்கள்.

அட்டவணைப் புத்தகம் என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். எங்கள் சண்டையைப் பல வருடமாகக் கேட்டவர் அவர்.

“கடைசியில நீங்க ஜெயிச்சிட்டீங்க மேடம்” என்று சிரிக்கப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டார். பிறகு, எத்தனை பிரதி வரவழைக்க வேண்டும் என்று கேட்டார். வகுப்பில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து எண்ணிச் சொன்னேன்.